தீட்டுப்பட்ட கெர்னல்

லினக்ஸ் கெர்னலில் 'டெய்ன்டட்' என்று ஒரு சொல் இருக்கிறது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. நம் தெருவில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சொல் தெரியும். தீட்டு. மூலநிரலைக் காட்டாத ஒரு மாட்யூலை, அல்லது தரம் இன்னும் தெரியாத ஒரு மாட்யூலை உள்ளே ஏற்றினால் அந்தக் கணத்திலிருந்து கெர்னல் தீட்டுப்பட்டதாகக் குறிக்கப்படும். 'பி' என்ற எழுத்து விழுந்தால் தனியுடைமை மாட்யூல். 'ஓ' என்றால் மரத்துக்கு வெளியிலிருந்து வந்தது. 'சி' என்றால் ஸ்டேஜிங் என்கிற பகுதியிலிருந்து வந்தது. ஏற்றிய மாட்யூலைத் திரும்ப இறக்கிவிட்டாலும் தீட்டு போகாது. எந்திரத்தை நிறுத்தி மறுபடி கிளப்பினால்தான் போகும். தலை முழுகினாத்தான் போகும்னு ஊருக்குள்ள சொல்லுவாங்களே, அதுமாதிரி.

இதை வைத்து, பார்த்தீங்களா வெள்ளைக்காரன் கம்ப்யூட்டர்லயும் சாதி இருக்கு என்று நான் எழுதப்போவதாக நினைக்க வேண்டாம். அப்படி எழுதுவது சுலபம். ஆனால் பொய். கெர்னலில் தீட்டு என்பது ஒரு குறிப்பு, அவ்வளவுதான். நாளைக்கு ஒரு பிழை அறிக்கை வந்தால், அதைப் படிக்கிறவர் இந்த எந்திரத்துக்குள் யாரும் சரிபார்க்காத நிரல் ஓடியிருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக. அந்த நிரலைச் சரிபார்த்து, திருத்தி, மரத்துக்குள் சேர்த்துவிட்டால் அதே டிரைவரால் பிறகு தீட்டு வருவதில்லை. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டிரைவர் எழுதுகிறவன். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் இன்னமும் நான் கார் ஓட்டுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சித்தப்பா, "டிரைவர் வேலைக்கு எதுக்குப்பா எஞ்சினியரிங்" என்று கேட்டேவிட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். கணினிக்குள் நினைவகத்தையும் நேரத்தையும் பங்குபோட்டுக் கொடுக்கிற மையநிரல் கெர்னல். ஒவ்வொரு வன்பொருளுக்கும் ஒரு பாஷை உண்டு. அதன் பாஷையைக் கெர்னலுக்குப் புரியவைக்கிற துபாஷிதான் டிரைவர். 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் இன்று கோடிக்கணக்கான வரிகள் கொண்டது. அதில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான். மையத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எண்ணிக்கையில் பெரும்பான்மை ஓரத்தில் இருப்பவை.

அந்த ஓரத்துக்கும் ஓரம் ஒன்று உண்டு. ஸ்டேஜிங். 2008இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் இதைத் தொடங்கிவைத்தார். வேலை செய்கிற டிரைவர், ஆனால் எழுதியிருக்கிற விதம் சரியில்லை என்றால் முதலில் அங்கே வைக்கலாம். ஒவ்வொரு டிரைவருக்கும் பக்கத்தில் 'டூடூ' என்று ஒரு கோப்பு. இன்னின்ன குறைகள், இவற்றைத் தீர்த்தால் வெளியே எடுத்து உரிய இடத்தில் வைக்கலாம் என்று எழுதியிருக்கும். உணரிகளுக்கான ஐஐஓ என்ற பகுதியே 2009இல் ஸ்டேஜிங்கில் நுழைந்து 2012இல் அதன் மையப்பகுதி வெளியே வந்ததுதான். எல்லாமும் வெளியே வந்துவிடுவதில்லை. லஸ்டர் என்கிற கோப்புமுறை 2013இல் உள்ளே போனது. ஐந்து வருஷம் அங்கேயே கிடந்து 2018இல் மொத்தமாக நீக்கப்பட்டது. எது ஏன் நீக்கப்பட்டது என்பதும் எழுத்தில் இருக்கிறது. யாரும் போய்ப் படிக்கலாம்.

நமக்கும் பட்டியல் கொடுத்தார்கள். குளி, சுத்தமா இரு, குடிக்காதே, மாட்டுக்கறி திங்காதே, பிள்ளைகளைப் படிக்க வை. பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் முடித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். டாக்டரும் கலெக்டரும் ஆன பிறகும் ஊர்த்தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால் "நீங்க என்ன ஆளுங்க" என்றுதான் கேட்கிறார்கள். கெர்னலின் டூடூ முடியக்கூடியது. இந்த டூடூ முடியவே முடியாதபடி எழுதப்பட்டது.

அப்போது நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு ஈரப்பத உணரிக்கான டிரைவர் இருந்தது. பத்து வருஷத்தில் பல பேர் கைவைத்தது. மரத்துக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. கெர்னலின் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் அதை இழுத்துப்பிடித்து ஒட்டவைக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் பயனர் நிரல்கள் நம்பியிருக்கிற நடத்தையை உடைக்கக் கூடாது என்பதில் கெர்னல் கறாராக இருக்கும். உள்ளுக்குள் இருக்கும் இணைப்புகளை மட்டும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளும். மரத்துக்குள் இருக்கிற டிரைவர் என்றால் மாற்றுகிறவரே அதையும் சேர்த்துத் திருத்துவார். வெளியே இருப்பவன் கதி அவன் கதி. அதனால் இதைத் திருத்தி மரத்துக்குள் அனுப்புவது என்று முடிவாயிற்று.

புது வடிவமைப்பு வேலைகள் எல்லாம் வேறு ஆட்களுக்குப் போயின. இது எனக்கு வந்தது. "ஜஸ்ட் கிளீனப்தான், நீ பார்த்துக்கோ" என்றார் லீடு. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சேர்ந்த முதல் வாரத்திலேயே நேட்டிவ் எது, அங்கே எந்தத் தெரு, வீட்டில் என்ன சாமி என்றெல்லாம் கேட்டு முடித்திருந்தார்கள். சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே தட்டுத்தட்டாகப் பிரிப்பது என்று 1936இல் அம்பேத்கர் எழுதினார். லாகூர் மாநாட்டுக்காகத் தயாரித்து, கூட்டியவர்கள் பயந்துபோய் மாநாட்டையே ரத்து செய்ததால் தன் செலவில் அவர் அச்சிட்ட உரை அது. குளிரூட்டிய அறையில் நாற்காலிகளெல்லாம் ஒரே உயரத்தில்தான் இருக்கும். எந்த வேலைக்கு எவன் என்கிற கணக்கு மட்டும் பழைய கணக்கு.

எங்கம்மா நகராட்சியில் கூட்டுகிற வேலை பார்த்தது. துப்புரவுப் பணியாளர் என்றிருந்ததை இப்போது தூய்மைப் பணியாளர் என்று மாற்றியிருக்கிறார்கள். ஒருநாள் போனில், இப்ப என்ன வேலைப்பா ஓடுது என்று கேட்டுச்சு. முன்னாடி பலபேர் எழுதி வச்சதைச் சுத்தம் பண்றேம்மா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொல்லுச்சு: "அங்கயும் கூட்டுற வேலதானா? பரவால்ல. கூட்டுறவளுக்குத்தான்டா தெருவப் பத்தித் தெரியும். எந்த வூட்டுச் சாக்கட எங்க போய் அடைக்கும்னு வூட்டுக்காரனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

நிரல் சீரமைப்பு பற்றி நான் படித்த புத்தகங்களில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

இந்த வேலைக்கு ரீஃபாக்டரிங் என்று பேர். 1999இல் மார்ட்டின் ஃபௌலர் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். வெளியே தெரியும் நடத்தையை மாற்றாமல் உள்ளமைப்பை மட்டும் மாற்றுவது. டிரைவருக்குள் போய்ப் பார்த்தேன். உணரி ஒன்றுதான் இருக்கும் என்று நம்பி எல்லாவற்றையும் பொது மாறிகளில் வைத்திருந்தார்கள். இரண்டாவது உணரியைச் செருகினால் ஒன்றின் அளவு இன்னொன்றில் வரும். ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனிக் கட்டமைப்பு என்று மாற்றினேன். தொடக்கத்தில் ஏதாவது தோற்றால், அதுவரை வாங்கிய நினைவகம், இண்டரப்ட் எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் திருப்பிக்கொடுக்க ஏணி மாதிரி ஒரு 'கோட்டூ' வரிசை இருந்தது. நடுவில் இரண்டு படிகளைக் காணோம். 2007இலேயே கெர்னலில் இதற்கு 'டெவ்-எம்' என்று தொடங்கும் வழி வந்துவிட்டது. சாதனம் போகும்போது அதற்காக வாங்கியதையெல்லாம் கெர்னலே திருப்பிக்கொடுத்துவிடும். ஏணியை எடுத்துவிட்டேன். வெறும் எண்களாகக் கிடந்த ரெஜிஸ்டர்களுக்கு டேட்டாஷீட்டைப் பார்த்துப் பெயர் வைத்தேன். ஒரு பேட்சில் ஒரு மாற்றம். ஒவ்வொரு பேட்சுக்குப் பிறகும் டிரைவர் தொகுக்கப்பட வேண்டும், முன்பு ஓடியது போலவே ஓட வேண்டும். நாளைக்கு ஏதாவது உடைந்தால் எந்த மாற்றத்தில் உடைந்தது என்று பாதிபாதியாக வெட்டிக் கண்டுபிடிக்க அப்போதுதான் முடியும்.

பெயர் வைக்கிற வேலையில்தான் அந்த இரண்டு சொற்கள் வந்து நின்றன. மாஸ்டர், ஸ்லேவ்.

அந்த உணரி ஐ-டூ-சி என்கிற முறையில் பேசும். 1982இல் பிலிப்ஸ் உருவாக்கியது. இரண்டே கம்பிகள். ஒன்றில் தகவல், ஒன்றில் கடிகாரத் துடிப்பு. துடிப்பை எழுப்புகிறவன் மாஸ்டர். ஸ்லேவ் தானாக வாய் திறக்க முடியாது. மாஸ்டர் முகவரி சொல்லிக் கூப்பிட்டால், தகவல் கம்பியை ஒரு துடிப்பு நேரம் தாழ்த்தி 'இருக்கேன் சாமி' என்று காட்டலாம். கேட்டதைக் கொடுக்கலாம். இப்படித்தான் புத்தகத்தில் எழுதியிருக்கும், வகுப்பில் சொல்லித்தருவார்கள். எங்கள் டிரைவரில் ஸ்லேவ் பதில் சொல்லாவிட்டால் அதை ரீசெட் செய்ய ஒரு செயற்கூறு இருந்தது. அதன் பெயர் 'கிக்-ஸ்லேவ்'. அடிமையை உதை. பத்து வருஷமாக எத்தனையோ பேர் அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

2020 மே மாதம் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரனின் முழங்காலுக்கடியில் கொல்லப்பட்டார். அந்த வருஷம் ஜூலையில் கெர்னலின் நிரல்நடை விதிகளில் ஒரு பகுதி சேர்ந்தது. மாஸ்டர், ஸ்லேவ் என்ற சொற்களைப் புதிதாகக் கொண்டுவராதீர்கள் என்று. பழைய வன்பொருளோ நெறிமுறையோ அந்தச் சொற்களைக் கட்டாயமாக்கினால் விதிவிலக்கு. 2021இல் ஐ-டூ-சி விவரக்குறிப்பிலேயே கன்ட்ரோலர், டார்கெட் என்று மாற்றினார்கள். 2024இல் கெர்னலின் ஐ-டூ-சி பகுதியிலும் அந்த மாற்றம் நடந்தது.

இதில் என்ன இருக்கிறது, பெயரை மாற்றினால் கம்பியில் ஓடுகிற துடிப்பு மாறிவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்மைவிட இதை அதிகம் கேட்டவர்கள் யார்? 1922இல் எம்.சி.ராஜா சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பஞ்சமர், பறையர் என்ற சொற்களை அரசுப் பதிவுகளிலிருந்து எடுத்து ஆதி திராவிடர் என்று எழுதச் சொல்லி அரசும் ஆணை போட்டது. ஏட்டில் மாறியது. டீக்கடையில் தனிக்குவளை இருந்தது. காந்தியும் ஒரு பெயர் கொடுத்தார். அது நாம் கேட்காத பெயர், அதை அம்பேத்கர் ஏற்கவில்லை. பெயர் மாற்றத்தின் மீது நமக்கு இருக்கிற அவநம்பிக்கை சும்மா வந்ததில்லை.

ஆனால் இன்னொரு கதை இருக்கிறது. எஸ்பிஐ என்பது ஐ-டூ-சி மாதிரி இன்னொரு இணைப்புமுறை. 2017இல் கெர்னலில் அதன் 'மாஸ்டர்' என்ற பெயரை 'கன்ட்ரோலர்' என்று மாற்றினார்கள். அறம் பேசி மாற்றவில்லை. யார் மனமும் புண்படுகிறது என்று மாற்றவில்லை. லினக்ஸ் ஓடுகிற எந்திரம் எப்போதும் மாஸ்டராகத்தான் இருக்கும் என்று நம்பி அந்த நிரல் எழுதப்பட்டிருந்தது. அதே சில்லு ஸ்லேவாகவும் இயங்கும் என்று வந்தபோது அந்தப் பெயர் பொய்யாகிவிட்டது. மாஸ்டர் என்பது அந்தச் சில்லின் பிறவிக்குணமாக இல்லை, ஒரு நேரத்தில் அது வகிக்கிற இடம், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்ததால் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. அப்படியும் பழைய பெயர் உடனே போகவில்லை. பழைய டிரைவர்கள் உடையாமல் இருக்க, மாஸ்டர் என்று எழுதினாலும் கன்ட்ரோலர் என்றே எடுத்துக்கொள்ளும்படி ஒரு ஒட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு டிரைவராகத் திருத்தி 2024இல்தான் அந்த ஒட்டைக் கிழித்தெறிய முடிந்தது. ஏழு வருஷம். 1922க்கு வைத்த ஒட்டு நூறு வருஷம் தாண்டியும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கிழிக்க ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு டீக்கடையாகப் போக யாருக்கும் மனசு வரவில்லை.

இப்போது என் உணரிக்கு வருகிறேன். ஐந்தாறு முறைக்கு ஒருமுறை அது தப்பான அளவு கொடுத்தது. பழைய டிரைவர் அதை உதைக்கும், தூங்கும், மறுபடி கேட்கும். ஐந்து தடவை. மேலே ஒரு குறிப்பு: ஸ்லேவ் மந்தம், நம்ப முடியாது, இந்த வரிகளை எடுக்காதே. இந்த உதையும் தூக்கமும் நான்கு இடங்களில் நகலெடுத்து ஒட்டப்பட்டிருந்தன. நான் நான்கையும் ஒரே செயற்கூறாக்கினேன். நடத்தையை மாற்றவில்லை. அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ரெஜிஸ்டரைப் படிக்கும்போது உணரி ஒருதடவைகூடத் தவறவில்லை. 'அளந்து சொல்' என்ற கட்டளைக்குப் பிறகு மட்டும்தான் தவறியது.

லாஜிக் அனலைசரைக் கம்பிகளில் மாட்டினேன். டேட்டாஷீட்டில் 'ஹோல்டு மாஸ்டர்' என்று ஒரு முறைக்குப் பெயர் இருந்தது. மாஸ்டரைப் பிடித்து நிறுத்துவது. ஐ-டூ-சி கம்பியில் யாரும் மேலே தள்ள முடியாது. ஒரு மின்தடைதான் அதை மேலே இழுத்துவைத்திருக்கும். கீழே இழுக்க யாராலும் முடியும். வேலை முடியாதபோது ஸ்லேவ் கடிகாரக் கம்பியையே தாழ்த்திப் பிடித்துக்கொள்ளலாம். அது விடுகிறவரை மாஸ்டர் அடுத்த துடிப்புக்குப் போகக் கூடாது. நெறிமுறையே கொடுத்திருக்கிற உரிமை இது. வகுப்பில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் உணரி ஒழுங்காகக் கம்பியைப் பிடித்து 'இரு, அளந்துட்டிருக்கேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் பலகையில் இருந்த மாஸ்டர் சில்லுதான் அதை மதிக்காமல் துடிப்பை எண்ணிக்கொண்டே போனது. பாதி வேலையில் பிடுங்கிய எண்ணை வைத்துக்கொண்டு, ஸ்லேவ் மந்தம் என்று பத்து வருஷம் எழுதிவைத்திருந்தார்கள்.

மந்தம். இந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கேட்டவர்கள் இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திருத்தம் சின்னது. அந்த உணரிக்கு இன்னொரு முறையும் உண்டு. கட்டளையைக் கொடுத்துவிட்டுக் கம்பியை விட்டுவிட வேண்டும். அளக்க ஆகும் நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட வேண்டும். தயாராக இல்லையென்றால் அது பதில் கொடுக்காது. தயாரானதும் கொடுக்கும். உதைக்கிற செயற்கூறு மொத்தமும் போயிற்று. இது நடத்தையை மாற்றுகிற மாற்றம். ஆகவே சீரமைப்பு வரிசையில் கலக்காமல் தனிப் பேட்சாக வைத்தேன்.

லீடு பார்த்தார். "கிளீனப் சீரீஸ் உன் பேர்ல போகட்டும். ஃபிக்ஸை நான் அனுப்புறேன், இங்கிலீஷ் கொஞ்சம் பார்க்கணும்" என்றார். கூட்டினது நான், கண்டுபிடித்தது அவர். கெர்னலில் ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று சாட்சி சொல்லிப் பெயர் போட வேண்டும். 2004இல் வந்த வழக்கம். நான் முடியாது என்றேன். அனலைசர் பதிவுகளை நாள், நேரத்தோடு எடுத்து, இதை எழுதியது நான், என் பேரில்தான் போகும் என்று எல்லோருக்கும் தெரிகிறபடி எழுதினேன். என் பேரிலேயே போயிற்று. கெர்னல் பக்கத்திலிருந்து பார்த்தவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. இரண்டு குறை சொன்னார், இரண்டும் சரியான குறை. மூன்றாவது முறை சேர்த்துக்கொண்டார். நேட்டிவ் கேட்கவில்லை. அந்த வருஷ மதிப்பீட்டில் கம்பெனி எனக்கு 'குழுவோடு ஒத்துப்போவதில்லை' என்று எழுதியது. சம்பள உயர்வும் போயிற்று.

எனக்கு சர்நேம் கிடையாது. பெயருக்குப் பின்னால் சாதிவாலை வெட்டுவது என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு முடிவெடுத்த மண் இது. இரண்டு பெயர் தேவைப்பட்டதால் அப்பா பெயரை முழுசாக எழுதினேன். ஊரில் அவரைப் பாதிப் பேரில்தான் கூப்பிடுவார்கள், 'டேய்' சேர்த்து. இப்போது அந்த வரலாற்றில் முழுப்பேரும் இருக்கிறது. எவனும் அழிக்க முடியாது.

இதனால் அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2020 ஜூலையில் சொற்களை மாற்றினார்கள் அல்லவா, அதற்குச் சில நாட்கள் முன்புதான் கலிபோர்னியாவின் அரசுத்துறை ஒன்று சாதிப் பாகுபாட்டுக்காக சிஸ்கோ மீது வழக்குப் போட்டது. அதில் இரண்டு பொறியாளர்கள் மீதான பகுதியை 2023இல் அந்தத் துறையே திரும்பப் பெற்றது, கம்பெனி மீதான வழக்கு அதற்குப் பிறகும் நடந்தது. கெர்னல் சமூகம் 2018இல் ஒரு நடத்தைவிதியை ஏற்றது. இனம், மதம், பாலினம், நாடு என்று அதில் ஒரு பட்டியல். ஏற்றபோது அந்தப் பட்டியலில் சாதி இல்லை. அதற்கு மூலமாக இருந்த உடன்படிக்கையின் 2.1 பதிப்பு 2021இல் வந்தபோது சாதி என்ற சொல் சேர்ந்தது. கேட்டு வாங்கினால்தான் எந்தச் சொல்லும் வரும்.

ரீஃபாக்டரிங் விடுதலையாகாது. அதன் இலக்கணமே நடத்தையை மாற்றாதது. ஆனால் நான்கு இடத்தில் சிதறிக் கிடந்த உதையை ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தாமல் யார்மேல் தப்பு என்பது தெரிந்திருக்காது. பெயர் மாற்றமும், பதிவு செய்வதும், இந்த மாதிரிப் பத்திரிகைகளில் நாம் எழுதுவதும் இந்த வேலைதான். சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் சேர்க்கிறோம். அதற்குப் பிறகு நடத்தையை மாற்றுகிற பேட்ச் ஒன்று தனியாக எழுதியாக வேண்டும். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாகச் சொல்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பொறியியல் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒன்று. சி மொழி, ஒரு பழைய பலகை, ஒரு டேட்டாஷீட் போதும். ஸ்டேஜிங்கில் ஏதாவதொரு டூடூவைத் திறந்து முதல் வரியிலிருந்து ஆரம்பியுங்கள். கிளீனப் வேலைதானே என்று எவனாவது சிரித்தால் சிரிக்கட்டும். எந்தச் சாக்கடை எங்கே அடைக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, கண்டுபிடித்ததை உங்கள் பேரில் அனுப்புங்கள்.